மூச்சு இறுகுகிறது: ஆஸ்துமாவா, அச்சமா?

கேள்வி

டாக்டர், எனக்கு 36 வயது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. நீல நிற இன்ஹேலரை வைத்தே காலம் தள்ளிவிட்டேன். ஸ்டீராய்டு இன்ஹேலரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உடம்பு பருத்துவிடும், பழகிவிடும் என்று பலரும் சொன்னதால், நன்றாக இருக்கும் நாட்களில் அதை நிறுத்திவிடுவேன்.

நான்கு மாதங்களுக்கு முன் சளி பிடித்தது. இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டேன். மாலை வரை நன்றாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு மணி நேரத்துக்குள் பேச்சே வராமல் போனது. ஆம்புலன்ஸில் ஏற்றியது நினைவில்லை. கண் விழித்தபோது வென்டிலேட்டரில் இருந்தேன், தொண்டையில் குழாய். "தப்பித்தது பெரிய விஷயம்" என்றார்கள்.

இப்போது மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறேன். மாண்டெலூகாஸ்ட் மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் நெஞ்சு லேசாக இறுகினால் உடனே நீல இன்ஹேலரை எடுத்துவிடுகிறேன். ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு முறைகூட ஆகிறது. எடுத்தபின் கை நடுங்குகிறது, படபடப்பு கூடுகிறது. தூங்கப் பயமாக இருக்கிறது. தூங்கினால், முகமில்லாத ஆட்கள் என் கைகளைக் கட்டிப்போடுவதாகக் கனவு. கணவர் நள்ளிரவில் எழுந்து என் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறார். ஒன்பது வயது மகள் நான் இருமினாலே ஓடி வருகிறாள். மாடி ஏறவே அஞ்சுகிறேன். பல வருடங்களாக மூக்கடைப்பு, வாசனை எதுவும் தெரியாது, அது வேறு.

நெஞ்சு இறுகும்போது அது ஆஸ்துமாவா, பயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இது மறுபடியும் வருமா? மூச்சுப் பயிற்சி செய்து மருந்தைக் குறைக்க முடியுமா? வேலைக்கு எப்போது திரும்பலாம்?

பதில்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிச் சென்ற மூன்று செய்திகள் என்னை நிறுத்தின: தூங்காத இரண்டு இரவுகள், வலி மாத்திரை, வாசனை தெரியாத மூக்கு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆஸ்துமாவா, பயமா என்று நெஞ்சின் உணர்வை வைத்துத் தீர்மானிக்க முயலாதீர்கள். அந்த உணர்வை நம்ப முடியாது என்பதே உங்கள் நோயின் ஒரு பகுதி. 1994-இல் ஜப்பானிய மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்துமாவால் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களை அதில் சோதித்துப் பார்த்தார்கள். மூச்சு முட்டுவதை உணரும் திறன் அவர்களிடம் மழுங்கியிருந்தது. ஆக்சிஜன் குறையும்போது உடல் விரைந்து மூச்சுவிட்டுப் பதில் தர வேண்டும். அந்தப் பதிலும் மந்தமாக இருந்தது. சிறு வயதிலிருந்தே குறைந்த மூச்சோடு வாழ்ந்து பழகியவருக்கு "நன்றாக இருக்கிறேன்" என்பதன் அளவே தாழ்ந்துபோயிருக்கும்.

"மாலை வரை நன்றாகத்தான் இருந்தேன்" என்கிறீர்கள். இரண்டு இரவு தூங்க முடியாமல் கிடந்தவர் நன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. விடியற்காலை நான்கு மணியை ஒட்டி எல்லோருடைய மூச்சுக்குழாய்களும் சற்றுச் சுருங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தச் சுருக்கம் மிக அதிகம். அந்த நேரத்தில் இருமலோ இளைப்போ உங்களை எழுப்பியிருந்தால், தாக்குதல் தொடங்கியது அப்போதுதான். மூன்றாம் நாள் மாலை நீங்கள் கண்டது அதன் கடைசிக் கட்டம்.

அன்று அபாயத்தைக் குறைத்துச் சொன்ன அதே உணர்வு, இன்று இல்லாத அபாயத்தைப் பெரிதாக்கிச் சொல்கிறது. இரண்டு வகையிலும் தவறான கணக்குக் காட்டும் ஒன்றை நம்பி எப்படி முடிவெடுப்பது? அதற்குப் பதிலாக ஒரு கருவியைக் கேளுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்பது கையடக்கமான ஒரு குழாய். ஆழமாக மூச்சை இழுத்து, உதடுகளை இறுக்கி வைத்து, ஒரே வீச்சில் பலமாக ஊதினால், காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று முள் காட்டும். நின்றபடி மூன்று முறை ஊதி, மூன்றில் அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும், மருந்து எடுப்பதற்கு முன்.

உடல் நன்றாக இருக்கும் இரண்டு, மூன்று வாரங்களில் எட்டிய மிக உயர்ந்த எண்தான் உங்கள் சொந்த உச்ச அளவு. மற்றவர்களுடைய எண்ணோடு ஒப்பிடத் தேவையில்லை. உங்கள் உச்சம் 380 என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதமான 304-க்கு மேலே இருந்தால் வழக்கம்போல் இருக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் திட்டப்படி மருந்தைக் கூட்டி, மருத்துவரை அழைக்க வேண்டும். பாதியான 190-ஐ நெருங்கினால் அது கடுமையான தாக்குதல். மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வென்டிலேட்டர் வரை போனவர் என்பதால், உங்கள் மருத்துவர் இந்தக் கோடுகளை இன்னும் மேலே வரையக்கூடும். வரைந்தால் வாதாடாதீர்கள்.

நெஞ்சு இறுகும்போது ஊதிப் பாருங்கள். எண் வழக்கம்போல் இருந்து, விரல் நுனியிலும் வாயைச் சுற்றியும் மதமதப்பு, அடிக்கடி பெருமூச்சு, "முழுதாக உள்ளே இழுக்க முடியவில்லையே" என்ற தவிப்பு இவையெல்லாம் இருந்தால், பெரும்பாலும் அது பதற்றம். அளவுக்கு மீறி மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் அந்த மதமதப்பு வருகிறது. ஆஸ்துமாவில் சிக்கல் பெரும்பாலும் மூச்சை வெளியே விடுவதில் இருக்கும், காற்று உள்ளேயே தேங்கும், இருமலும் இளைப்பும் சேரும், எண் இறங்கும். இறுக்கம் நெஞ்சில் இல்லாமல் தொண்டையில் இருந்து, உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால், குரல் நாண்கள் தவறான நேரத்தில் மூடிக்கொள்ளும் பிரச்சினையாகவும் இருக்கலாம். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களிடம் அதுவும் காணப்படுகிறது. அதற்கான சிகிச்சையே வேறு.

ஒன்றை மட்டும் மனதில் கொள்ளுங்கள். கருவி கையில் இல்லாதபோதும், ஊதவே முடியாதபோதும், சந்தேகம் தீராதபோதும் அது ஆஸ்துமாதான் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். பதற்றத்தை ஆஸ்துமா என்று நினைத்து மருத்துவமனைக்குப் போனால் ஒரு மாலைப் பொழுது வீணாகும், அவ்வளவே. மாற்றி நினைத்தால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரையும் இந்த விஷயத்தில் அதிகம் நம்பாதீர்கள். ஆஸ்துமா தாக்குதலில் ஆக்சிஜன் அளவு கடைசிக் கட்டம் வரை தாக்குப்பிடிக்கும். எண் நன்றாக இருக்கிறதே என்று காத்திருந்துவிட்டு வருபவர்கள் எங்கள் பிரிவுக்குப் புதியவர்கள் அல்லர்.

அடுத்தது நீல இன்ஹேலர். அதிலுள்ள சால்பூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. கூடவே இதயத்தை விரைவாக்கி, கையையும் நடுங்க வைக்கிறது. பயத்திலும் உடல் இதையேதான் செய்யும். நெஞ்சு இறுகுகிறது, மருந்தை எடுக்கிறீர்கள், படபடப்பு வருகிறது, அதை அடுத்த தாக்குதல் என்று மனம் படிக்கிறது, மறுபடியும் மருந்து. ஒரு நாளில் பன்னிரண்டு முறை வரை எப்படிப் போனது என்பது இதிலேயே இருக்கிறது. ஒரு முறைக்கு ஒரு வீச்சு என்று வைத்தாலும், 200 வீச்சு கொண்ட ஒரு குப்பி பதினேழு நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று குப்பி அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டாலே தாக்குதல் அபாயம் கூடுகிறது; மாதம் ஒன்று என்ற கணக்கை எட்டினால் மரண அபாயம் கூடுகிறது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா எச்சரிக்கிறது. உண்மையிலேயே அத்தனை முறை தேவைப்படுகிறது என்றால் உங்கள் ஆஸ்துமா இன்னும் கட்டுக்குள் வரவில்லை. தேவைப்படவில்லை என்றால் பயத்துக்கு மருந்து ஊதிக்கொண்டிருக்கிறீர்கள். எது உண்மை என்பதைப் பீக் ஃப்ளோ எண்கள் ஒரே வாரத்தில் சொல்லிவிடும். அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, சந்தேகம் வந்தால் மருந்தை எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

நீல இன்ஹேலரால் தசை தளரும். மூச்சுக்குழாயின் உள்சுவரிலுள்ள அழற்சியும் வீக்கமும் அப்படியே இருக்கும். அதைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். நீங்கள் பயந்து ஒதுக்கிய மருந்து எதுவோ, அதுவே உங்களைக் காக்கும் மருந்து. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்து நோயாளிகளின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2000-இல் ஒரு முடிவு வெளியானது. முந்தைய ஓராண்டில் பயன்படுத்திய ஒவ்வொரு கூடுதல் ஸ்டீராய்டு இன்ஹேலர் குப்பிக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்தது. இன்ஹேலரை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் மரணங்கள் கூடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. நன்றாக இருக்கும் நாட்களில் நிறுத்துவது என்ற உங்கள் பழக்கத்தோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

உடம்பு பருத்தல் பற்றிய பயம் பெரும்பாலும் மாத்திரையாக நீண்ட காலம் எடுக்கும் ஸ்டீராய்டைப் பார்த்து வந்தது. இன்ஹேலரில் அளவு மைக்ரோகிராமில், மாத்திரையில் மில்லிகிராமில். மருந்துகளின் வீரியம் வேறு வேறு என்பதால் எண்ணை எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும், இன்ஹேலரை விட்டுவிட்டு வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை தாக்குதல் வந்து மாத்திரையும் ஊசியுமாக விழுங்குபவர் உடலில்தான் அதிக ஸ்டீராய்டு சேர்கிறது. இன்ஹேலரால் குரல் கம்மலாம், வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் இவை பெரிதும் குறையும். அதிக அளவில் பல ஆண்டுகள் எடுப்பவர்கள் எலும்பையும் கண்ணையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பழகிவிடும் என்பது வெறும் வதந்தி. இதைப் பரப்புகிறவர்கள் யாரும் இரவு இரண்டு மணிக்கு உங்களோடு ஆம்புலன்ஸில் ஏறுவதில்லை.

2019 முதல் ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே இன்ஹேலரைத் தினசரி மருந்தாகவும் அவசர மருந்தாகவும் பயன்படுத்தும் முறை இருக்கிறது. ஒவ்வொரு முறை நிவாரணம் தேடும்போதும் அழற்சிக்கான மருந்தும் கூடவே உள்ளே போகும். அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

இனி அந்த வலி மாத்திரை. ஆஸ்துமா, நாட்பட்ட மூக்கடைப்பு, வாசனை தெரியாமை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், மூக்கினுள் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தகையவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின், ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகள் ஆகாது. மாத்திரை போட்ட அரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், முகம் சிவக்கும், மூச்சுக்குழாய் இறுகும். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு இது உண்டு. முன்பு பலமுறை அதே மாத்திரையைப் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது இதற்கு மறுப்பாகாது; பெரும்பாலும் நடுவயதில்தான் இது தலைகாட்டும். கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். சளியே தனியாக அந்தத் தாக்குதலைக் கொண்டுவந்திருக்கலாம். ஏற்கெனவே வீங்கியிருந்த குழாயின்மேல் மாத்திரை வந்து சேர்ந்திருக்கலாம். அந்த மாத்திரை எது, எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எப்போது பேச்சு நின்றது என்பதை எழுதி எடுத்துச் சென்று, நுரையீரல் மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள். முடிவு தெரியும் வரை இந்த வகை வலி மாத்திரைகள் வேண்டாம். வழக்கமான அளவில் பாராசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; அவர்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூக்கடைப்பை "அது வேறு" என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள், அது வேறல்ல.

மறுபடியும் வருமா? வரலாம். ஒரு முறை வென்டிலேட்டர் வரை போனவருக்கு அடுத்த ஆபத்தான தாக்குதலுக்கான வாய்ப்பு மற்ற ஆஸ்துமாக்காரர்களைவிட அதிகம். இனிமேல் ஒன்றும் ஆகாது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆறுதல் ஒரு வாரம் தாங்காது. ஆனால் இந்த மரணங்கள் எப்படி நிகழ்கின்றன என்பதைப் பார்த்தால், பெரும்பகுதி நம் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி வந்து சேர்வதற்கு முன்போ இறந்திருந்தார்கள். எழுத்து வடிவிலான தனிப்பட்ட அவசரத் திட்டம் 23 சதவீதம் பேரிடம் மட்டுமே இருந்தது. பத்தில் ஒருவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 28 நாட்களுக்குள் இறந்திருந்தார். அந்தக் காலத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மீதி இரண்டையும் இந்த வாரமே சரிசெய்யலாம்.

பெரும்பாலான கடும் தாக்குதல்கள் பல மணி நேரமோ நாட்களோ எடுத்து வளர்கின்றன. மின்னலாக வருபவையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து பரவியதில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே மாலையில் மூச்சுத் திணறல் வந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். வலி மாத்திரை, உணவு ஒவ்வாமை போன்றவையும் விரைவாகத் தாக்கக்கூடியவை. இவை குறைவு. உங்களுக்குரியது எது என்று தெரிந்துகொண்டால் விலகி இருக்கலாம்.

அவசரத் திட்டம் என்பது ஒரே ஒரு தாள். மருத்துவர் எழுதி, நீங்களும் கணவரும் படித்து, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டியது. எந்த எண்ணில் எந்த மருந்து, ஸ்டீராய்டு மாத்திரையை வீட்டில் வைத்திருந்து எப்போது தொடங்குவது, எப்போது ஆம்புலன்ஸ் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீல இன்ஹேலர் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவான முறை இதுதான்: நிமிர்ந்து உட்காருங்கள், படுக்காதீர்கள். இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரில் ஒரு வீச்சை அழுத்தி, நிதானமாக நான்கைந்து முறை மூச்சிழுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று பத்து வீச்சு வரை எடுக்கலாம். இடையில் மோசமானாலும், பத்து முடிந்தும் தேறாவிட்டாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும் வரை மருந்தைத் தொடருங்கள். ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமை, உதடு நீலமாதல், சோர்ந்து கண் சொருகுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்து வரை எண்ண வேண்டாம், முதலில் தொலைபேசியை எடுங்கள். அதுவரை கேட்ட இளைப்புச் சத்தம் திடீரென்று அடங்கினால் நிம்மதி அடையக் கூடாது. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். மருத்துவமனையில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "முன்பு வென்டிலேட்டரில் இருந்தவர்". அந்த ஒரு வாக்கியம் வரிசையை மாற்றும்.

இத்தனையும் சொன்னது பயத்தைக் கூட்டவா என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில், "பயப்படாதே" என்று சொல்லி யாருடைய பயமும் போனதில்லை. என்ன செய்வது என்று ஒவ்வொரு இறுக்கத்தின்போதும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான் உங்களைக் களைப்படைய வைக்கிறது. முடிவை முன்பே, தெளிந்த மனதோடு, தாளில் எடுத்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் மனதுக்கு வேலை குறைவு. கருவியைப் பார், தாளைப் பார், அதன்படி செய்.

கனவுகளுக்கு வருகிறேன். முகமில்லாத ஆட்கள் கைகளைக் கட்டியது பெரும்பாலும் கற்பனை அல்ல. முகக்கவசமும் தொப்பியும் அணிந்தவர்கள் உங்களைச் சுற்றி நின்றிருப்பார்கள். அரை மயக்கத்தில் நோயாளி தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கச் சில சமயம் கைகளைக் கட்டிலோடு மென்மையாகக் கட்டுவதுண்டு. மயக்க மருந்துகளும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து, உண்மையின் துண்டுகளைப் பயங்கரமான கதையாக ஒட்டிவிடுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்தவர்களிடம் இது மிகச் சாதாரணம். மனம் பேதலித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த நாட்களில் என்ன நடந்தது, எப்போது குழாய் போட்டார்கள், யார் உடன் இருந்தார்கள் என்பதை அங்கிருந்த மருத்துவரிடமோ செவிலியரிடமோ உட்கார்ந்து வரிசையாகக் கேளுங்கள். உங்கள் கணவரும் தன் பங்கைச் சொல்லட்டும். சில நாடுகளில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது நடப்பதைச் செவிலியர்களும் குடும்பத்தினரும் நாட்குறிப்பாக எழுதிவைத்துப் பிறகு கொடுப்பதே இதற்காகத்தான். விடுபட்ட பக்கங்களை உண்மையால் நிரப்பினால் கனவுக்கு இடம் குறைகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் அந்த நினைவுகள்மேல் போடுவதற்கு முன் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். மாண்டெலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றை உண்டாக்கும். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக அந்த மருந்தின் மேல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. கனவுகள் அதைத் தொடங்கியபின் வந்தனவா, கூடினவா என்று யோசித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எழுந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களிலும் தூக்கம் கெடும். அதைப் பல வாரங்களாக எடுப்பவர் என்றால் திடீரென்று நிறுத்தவே கூடாது.

நான்கு மாதமாகியும் தூக்கமும் வெளியே போவதும் இப்படிக் கெட்டிருப்பதால், மனநல நிபுணரைப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு முறையான பேச்சு சிகிச்சைகள் உள்ளன. நன்றாகப் பலன் தருபவை. அங்கே முதல் வாக்கியமாக உங்கள் ஆஸ்துமாவைச் சொல்லுங்கள். படபடப்புக்கு வழக்கமாக எழுதப்படும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் உங்கள் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அவை உங்களுக்கு ஆபத்து. மூச்சுத் திணறலின்போது பதற்றம் என்று நினைத்துத் தூக்க மாத்திரை போடுவதும் அப்படித்தான்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். படுக்கப் போகுமுன் இருவரும் சேர்ந்து எண்ணைப் பாருங்கள். எண் நன்றாக இருந்து, இருமலும் இல்லாவிட்டால் அன்றிரவு அவர் தூங்கலாம். எண் தாழ்ந்திருந்தால் விழித்திருந்து காவல் காப்பதைவிட, தாளில் உள்ளதை அப்போதே செய்வது மேல். அவரும் உங்களைச் சாகும் நிலையில் பார்த்தவர். அவருக்கும் யாரிடமாவது பேசத் தேவை இருக்கலாம். மகளுக்கு நடந்ததை அவள் வயதுக்கேற்ப நேராகச் சொல்லி, ஒரே ஒரு சிறு வேலை கொடுங்கள்: அம்மா கேட்டால் ஸ்பேசரை எடுத்து வருவது, அப்பாவை அழைப்பது. காவல் அவள் வேலையல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்களுடையது உண்மையிலேயே கடுமையான ஆஸ்துமாதானா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. மருந்தைச் சரியாக எடுக்காததால் கடுமையாகத் தோன்றும் ஆஸ்துமா வேறு. எல்லாம் சரியாக எடுத்தும் அடங்காதது வேறு. இன்ஹேலரைப் பயன்படுத்தும் விதத்தை மருத்துவர் முன் ஒரு முறை செய்து காட்டுங்கள். வருடக்கணக்காகப் பயன்படுத்துபவர்களில் பலர் அதில் தவறுகிறார்கள். எதுக்களிப்பு, உடல் எடை, புகை, வேலையிடத்துத் தூசி எல்லாம் அலசப்பட வேண்டும். அதன் பிறகும் அடங்காவிட்டால் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களையும், ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற புரதத்தின் அளவையும் பார்த்து, பயாலஜிக் எனப்படும் ஊசி மருந்துகளைப் பற்றி யோசிப்பார்கள். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமாலிசுமாப் இவற்றில் முதலாவது. அதன் பிறகு மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், டூபிலுமாப், டெசபெலுமாப் என்று வந்திருக்கின்றன. பொருத்தமானவர்களுக்குத் தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. சில மருந்துகள் மூக்குப் பாலிப்புக்கும் உதவுகின்றன. நோயை வேரோடு எடுப்பவை அல்ல; எல்லோருக்கும் தேவைப்படுபவையும் அல்ல.

மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். பதற்றத்தில் வரும் தாறுமாறான மூச்சை அது நிதானப்படுத்தும். அன்றாட வாழ்க்கை சற்று எளிதாகும். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அது தொடாது. எனவே அதைக் காரணம் காட்டி ஒரு வீச்சு மருந்தைக்கூடக் குறைக்க வேண்டாம். தாக்குதல் நேரம் பயிற்சிக்கான நேரமும் அல்ல.

மாடி ஏறும்போது வரும் மூச்சிரைப்பில் ஒரு பகுதி தசை தளர்ச்சி. வென்டிலேட்டரில் அசையாமல் கிடந்ததும் அதிக ஸ்டீராய்டும் தசையைக் கரைத்துவிடும். நான்கு மாத வீட்டிருப்பு மீதியைச் செய்திருக்கும். காலை எண் நன்றாக இருக்கும் நாட்களில், இன்ஹேலர் பையில் இருக்க, சமதரையில் மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டுங்கள். இதயம் வேகமாகத் துடிப்பதெல்லாம் ஆபத்தல்ல என்று உடல் மறுபடி கற்றுக்கொள்வதும் இப்படித்தான்.

வேலைக்குத் திரும்ப, பயம் முழுதாகப் போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலை, மாலை எண்களுக்கு இடையே பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் சில வாரங்கள் நிலையாக இருந்து, இரவில் மூச்சு உங்களை எழுப்பாமல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகலாம். முதலில் அரை நாள் வேலை கேட்டுப் பாருங்கள். மேசையில் இன்னொரு ஸ்பேசரும் திட்டத் தாளின் நகலும் இருக்கட்டும். உடன் வேலை செய்பவர்களில் இருவருக்கு அந்தத் தாளைக் காட்டி, உங்களுக்குப் பேச்சு வராவிட்டால் எந்த எண்ணுக்கு அழைத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.